நான் வெளியேறியதாக எழுதினார்கள்

பொம்மசந்திரா,
வியாழன்

அன்புள்ள அப்பாவுக்கு, வெண்ணிலா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துத் தருகிறாளா?

முந்தாநாள் கம்பெனியில் தீ விபத்து ஒத்திகை நடந்தது. பயப்படாதீர்கள், வெறும் ஒத்திகைதான். சைரன் அடித்ததும் எல்லோரும் வெளியே ஓடிவிட்டார்கள். காது கேளாத எனக்கு அது எப்படித் தெரியும்? குனிந்து சால்டரிங் செய்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தால் ஹாலில் ஒருவரும் இல்லை.

அதுகூடப் போகட்டும். வெளியே வந்து ரெஜிஸ்டரைப் பார்த்தால், "120 பேரும் வெளியேறினர்" என்று எழுதியிருக்கிறார்கள். அதில் நானும் ஒருத்தியாம்! சூப்பர்வைசர் பரத்திடம் காட்டினேன். அவர் உதட்டைப் படித்தேன்: "டிரில்தானம்மா. நிஜமா நெருப்புன்னா உன்னைத் தொட்டுக் கூப்பிட மாட்டமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒத்திகையிலேயே மறந்தவர்கள் நெருப்பிலா நினைப்பார்கள்? பேனாவை வாங்கி 120ஐ அடித்தேன். 119 என்று எழுதி, "வெண்ணிலா உள்ளே இருந்தாள்" என்று கையெழுத்தும் போட்டேன். சைரனோடு ஒரு விளக்கும் வையுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டால், அது பெரிய வேலையாம்.

ஒரு உதவி அப்பா. வாசல் பெல்லை அமுக்கினால் மின்னும்படி எனக்காக மாட்டினீர்களே, அந்தச் சிவப்பு பல்பைக் கழற்றி அனுப்புங்கள். மேனேஜர் மேசையில் வைத்து, எட்டாவது படித்த என் அப்பா அரை நாளில் செய்தது இது என்று காட்ட வேண்டும்.

ஷிப்ட் வண்டி வந்துவிட்டது. பல்பை மறக்காதீர்கள். நான் இல்லாத வீட்டில் அது யாருக்காக மின்னுகிறது?

உங்கள் மகள்,
வெண்ணிலா