காகிதத்தில் விட்டுப்போன வீடு

தேவிகுளம், 1974

மகள் இசக்கியம்மாளுக்கு அம்மா எழுதுவது. பிள்ளைகள் சுகமா? எனக்கு இருமல் குறைந்துவிட்டது.

பள்ளிக்கூட விழாவில் நான், சாந்தம்மாள், பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி, வாத்தியார் பொன்ராஜ் எல்லாரும் இருந்தோம். வாத்தியார் நம் லயத்து வீட்டு வரிசையைக் காகிதத்தில் செய்து மேசையில் வைத்து, அதன்மேல் நாங்கள் தேயிலைக் கொழுந்து கிள்ளும் படத்தை மெஷினில் ஓட்டினார். எண்ணினால் ஒன்பதே வீடு. உன் அப்பா உயிர்விட்ட நம் பத்தாவது வீட்டைக் காணோம். படத்தில் வந்த என் முகம், வீடில்லாத அந்த இடத்தில் வெறும் மேசைமேல் விழுந்தது.

“எங்க வீடு எங்க சார்?”

“அது மாட்டுத்தொழுவம்னு பக்கத்து வீட்டம்மா சொன்னாங்களே, பாட்டி!”

கெட்டி அட்டை இரண்டும், பசைக்கு மைதாவும் அனுப்பு. நானே செய்துவைக்கிறேன். முடிந்தால் நீயே கொண்டுவா. தபால்காரர் அவசரப்படுத்துகிறார்.

இருபது வருஷம் ஒரே சுவரில் முதுகு சாய்த்தவள்! செத்தாலும் பொறுக்கமாட்டேன், அந்த முத்துப்பேச்சியை.