ஞானதாஸ் வந்தால்

சேசு மரி சூசை

சாந்தோம், சென்னை
20-8-1944, ஞாயிறு

அன்புள்ள ஐவிக்கு,

‘அன்புள்ள’ என்பதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். பதினெட்டு வருஷப் பழக்கம், கை தானாக எழுதிவிட்டது. இருந்துவிட்டுப் போகட்டும். நாங்கள் சுகம் என்று அடுத்து எழுத வேண்டும். அம்மாவும் சுகமில்லை, நானும் சுகமில்லை. காரணம் நீ.

போன திங்கட்கிழமை பள்ளியில் பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, திருச்சியிலிருந்து புதிதாக ஓர் ஆங்கில இலக்கணப் புத்தகம் வந்திருக்கிறது, நாலாம் பாரம் வகுப்புக்குப் பாடமாக வைக்கலாமா என்று பார்த்துச் சொல் என்று கொடுத்தார். அட்டையில் ராஜநாயகம், பி.ஏ., எல்.டி. என்று உன் வீட்டுக்காரர் பெயர்! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வரி எழுதவில்லையே கள்ளி என்று உன்னைச் செல்லமாகத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து, முகம் கழுவிக்கொண்டு, ஆசையாகப் பிரித்தேன்.

பதினேழாம் பக்கம். ‘மழை பெய்தால் நொச்சிக்குப்பத்தார் கடலுக்குப் போகமாட்டார்கள்.’ அடிப் பாவி, இது என் வாக்கியம். ‘இஃப்’ என்று ஆரம்பித்தாலே நம் பெண்கள் இரண்டு பாதியிலும் ‘வில்’ போட்டுத் தொலைப்பார்களே, அதற்காக நான் ஒரு வழி சொல்லிக்கொடுப்பேன், ஞாபகமிருக்கிறதா? ‘இஃப்’ இருக்கிற பாதி கூரைக்குள் நிற்கிறது, அதற்குக் குடை வேண்டாம், நிகழ்காலமே போதும். வெளியே நிற்கிற மற்றப் பாதிக்குத்தான் ‘வில்’ என்ற குடை. கூரையும் குடையும் அப்படியே அச்சில் இருக்கின்றன. ‘நான் கவர்னராக இருந்தால் சைதாப்பேட்டைக்கு நிமிஷத்துக்கு ஒரு ரயில் விடுவேன்’ என்று நடக்காத ஆசைக்கு நான் போட்ட வாக்கியமும் இருக்கிறது. லூயிசா என்று என் பெயர் வருகிற இடத்திலெல்லாம் லில்லி என்று மாற்றியிருக்கிறீர்கள். முன்னுரையில், என் மனைவி தன் வகுப்பு அனுபவத்திலிருந்து தந்த வாக்கியங்கள் என்று நன்றி வேறு. உன் அனுபவமா ஐவி? வாய் கூசவில்லையா உனக்கு?

இந்த வாக்கியங்களையெல்லாம் நான் எழுதி வைத்திருந்த நோட்டை உன்னிடம் எப்போது கொடுத்தேன்? நாற்பத்திரண்டு ஏப்ரலில். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே காலியான சமயம். தம்பி ஞானு ரங்கூனிலிருந்து இந்த விலாசத்துக்குத்தானே வருவான், நான் நகரமாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டதால் நானும் தங்கினேன். வீடு போனாலும் நோட்டாவது பிழைக்கட்டும் என்று எழும்பூர் ஸ்டேஷனில் உன் மடியில் வைத்தேன். நீ மாதா மேல் ஆணையாகப் பத்திரமாக வைப்பேன் என்றாய்.

திருட்டைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். இருபத்திரண்டாம் பக்கத்தைப் பொறுக்க முடியவில்லை. ‘ரங்கூன் கப்பலில் ஞானதாஸ் வந்தால் அம்மா ஆப்பம் சுடுவாள்.’ என் தம்பி நாற்பதாம் வருஷக் கிறிஸ்துமஸ் லீவில் வந்தபோது, ஆப்பத்தைத் தின்றுகொண்டே அந்த நோட்டில் தன் கையால் பென்சிலில் எழுதிய வரி. லூயிசாவை லில்லியாக்கிய உங்களுக்கு ஞானதாஸை மாற்றத் தோன்றவில்லை. அவன் வந்து கேட்கவா போகிறான் என்று நினைத்தீர்களா?

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்த வரியைக் கண்டதும் பதறிப்போய் ஆங்கிலத்திலேயே வாய்விட்டுப் படித்துவிட்டேன். படித்த ஆத்திரத்தில் புத்தகத்தை எறிந்துவிட்டுக் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தேன். அடுப்படியில் அம்மா இருந்தது எனக்கு ஞாபகமே இல்லை.

ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து, இரண்டரை வருஷமாகப் பத்திரிகையில் காணாமல் போனவர்கள் பட்டியல் வந்தால், அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் படிக்கச் சொல்வாள் என்று உனக்குத் தெரியும். அச்சில் பெயர் வந்தால் ஆள் கிடைத்துவிட்டான் என்றுதான் அவளுக்குக் கணக்கு. இங்கிலீஷ் தெரியாதவள் காதில் ரங்கூன் விழுந்தது, ஞானதாஸ் விழுந்தது, அம்மா என்பதற்கான ‘மதர்’கூட விழுந்தது. வேறென்ன வேண்டும்?

நான் திரும்பி வருகையில் வாசலிலேயே மீன்காரி சொர்ணம் பிடித்துக்கொண்டாள். இன்னாம்மா, தம்பி கப்பல் ஏறிட்டாராமே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கோபித்துக்கொண்டு, வஞ்சிரத் துண்டு இரண்டை இலவசமாக வைத்துவிட்டுப் போனாள். உள்ளே ஒரு வாரத்து ரேஷன் அரிசி முழுவதும் ஊறிக்கொண்டிருந்தது. அம்மா கோயிலுக்கு ஓடி, நன்றிப் பூசைக்கும் சொல்லிவிட்டாள்.

அன்றைக்கே உட்கார வைத்துச் சொன்னேன். அது சேதி இல்லை, பாடத்துக்காக எழுதிய உதாரணம், ஐவி நம் நோட்டைப் பார்த்து எழுதியது என்று சொன்னேன். அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? ஐவி நம்ம வீட்டுப் பொண்ணுடி, என் கையால சோறு தின்னவ, சேதி தெரியாம அவ ஞானு பேரப் போடுவாளா, நீ அவ மேல பொறாமைல பேசற என்றாள். என் தாய் என்னைப் பார்த்து இப்படிச் சொன்னாள், ஐவி. உன் மேல் வைத்த நம்பிக்கையில் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாள்.

இன்று காலை பூசையில் சுவாமியார் அவன் பெயரை வாசித்தார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில். அருகே முழந்தாளிட்டிருந்த எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. வீட்டுக்கு வந்தும் சாப்பிடவில்லை, வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். ஆறு நாளாக அதே கதைதான், ராத்திரி கதவுக்குத் தாழ் போட விடுவதில்லை.

புத்தகத்தை உன் வீட்டுக்காரரே வைத்துக்கொள்ளட்டும். பெரிய சிஸ்டரிடம் நல்ல புத்தகம் என்றே சொல்லிவிட்டேன், பொய் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது நோட்டு. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் பிள்ளையின் கையெழுத்து தெரியும். அந்தப் பென்சில் வரியைக் கண்ணால் பார்த்தால்தான், இது அவன் முன்பு லீவில் விளையாட்டாய் எழுதியது என்று நம்புவாள். கூடவே உன் கைப்பட இரண்டு வரி: எனக்கு எந்தச் சேதியும் வரவில்லை அம்மா என்று. நான் சொன்னால் நம்பாதவள் நீ சொன்னால் நம்புவாள்.

உன் குழந்தைகளை மாதா காக்கட்டும். அவர்கள் பெயரை இன்னும் தினம் ஜெபத்தில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். உன் பெயர் வரும்போது மட்டும் நாக்கு நின்றுவிடுகிறது.

பெண்களுக்கு நாம் முதல் பாதியைக் கொடுத்து, மற்றப் பாதியை எழுதிக்கொண்டு வரச் சொல்வோமே. உனக்கும் ஒன்று தருகிறேன். நான் முடித்துப் பார்த்தேன், முடியவில்லை. நீ முடித்து, நோட்டோடு சேர்த்து அனுப்பு.

ஐவி நோட்டை அனுப்பினால், லூயிசா ............

இப்படிக்கு,
லூயிசா
(லில்லி அல்ல)