பச்சை டிக்கை யார் நம்பினார்கள்?

மார்ச் 4, செவ்வாய்
பல் மருத்துவமனைக்கு நான் வடிவமைத்த முன்பதிவுத் தளம் ஓட ஆரம்பித்து ஒரு வாரம். பெயர், நாள், நேரம் என்று மூன்றே தட்டல், உடனே பச்சை டிக் ஒன்று துள்ளிக் குதிக்கும். அந்தத் துள்ளலுக்கு மட்டும் இரண்டு நாள் உட்கார்ந்தேன். தலைகால் புரியவில்லை எனக்கு.

மார்ச் 10, திங்கள்
டாக்டர் கூப்பிட்டார். "பதிவு பண்றாங்கம்மா. பண்ணிட்டு, பதிவாச்சான்னு போன் போட்டும் கேக்கறாங்க. முன்னாடி ஒரு வேலை, இப்ப ரெண்டு வேலை. மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். சரிவரலேன்னா பழையபடி போன் மட்டும்தான்."

தனியாகத் தொழில் தொடங்கி நான் செய்த முதல் தளம். அதை மூடுவதா? போன் செய்கிறவர்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. கண் முன்னால் டிக் குதிக்கிறதே, அப்புறம் என்ன சந்தேகம்?

மார்ச் 13, வியாழன்
எழுதவே வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. என் தளத்திலேயே நாளைக்கு நேரம் பதிந்தேன். டிக் குதித்தது. ஐந்து நிமிடம் கழித்து, என் கை தானாகப் போனை எடுத்து மருத்துவமனைக்கு அடித்தது!

வரவேற்பு மேசை அக்கா என் குரலைக் கண்டுபிடித்துவிட்டார். "மேடம், நீங்கதானே இதைச் செஞ்சீங்க? நீங்களே நம்பலையா?"

வீட்டுக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, "வலிக்குது, சிரிக்க வைக்காதே" என்கிறார். பாவி மனுஷன். அது சரி, நான் ஏன் அடித்தேன்?

மார்ச் 14, வெள்ளி
அவருக்கு உள்ளே பல் பிடுங்கும் நேரத்தில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். போனில் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "செவ்வாய்க்கிழமை காலைல பத்தே கால். உங்க பேரை எழுதியாச்சு. வர முடியலேன்னா சொல்லிடுங்க, பரவாயில்லை." உடனே நிம்மதியாக வைத்துவிடுகிறார்கள்.

என் டிக் இதில் ஒன்றையாவது சொல்கிறதா? நாளும் இல்லை, நேரமும் இல்லை. ரத்து செய்யும் வழியோ மூன்று பக்கம் தள்ளி இருக்கிறது. கண்ணில் பட்டால் ஆட்கள் வராமல் இருந்துவிடுவார்களோ என்று நானேதான் ஒளித்து வைத்தேன். குதிக்க வைத்தேனே தவிர, கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

மார்ச் 17, திங்கள்
துள்ளலை எடுத்துவிட்டேன். மனசு அடித்துக்கொண்டது. அக்காவின் வார்த்தைகளை அப்படியே திரையில் வைத்தேன். கீழேயே 'வர முடியவில்லை' என்று பெரிய பொத்தான். "அந்தப் 'பரவாயில்லை' எதுக்கும்மா?" என்று டாக்டர் இழுத்தார். அது இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 22, சனி
ஒரு தகவலும் இல்லை. பத்து விரலிலும் நகம் காலி.

மார்ச் 28, வெள்ளி
பதினோரு மணிக்கு அக்கா பேசினார், அதுவும் தன் சொந்த செல்போனிலிருந்து.

"மேடம், காலைலேர்ந்து மேசை போன் அடிக்கவே இல்லை. லைன் செத்துப்போச்சுன்னு நினைச்சு ரிப்பேர்காரரை வரவழைச்சுட்டேன். அவர் பாத்துட்டு, போன் நல்லாத்தான் இருக்குன்னு என்னைத் திட்டிட்டுப் போறார்."

"அக்கா, ஆளுங்க வந்திருக்காங்களா?"

"நாற்காலி பத்தலை, மேடம்."