ஓரம் வெட்டாத தாள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் தம்பியும் நலம். வழக்கமாக இந்த வரியை யோசிக்காமல் எழுதிவிடுவேன். இந்த முறை தம்பி எதிரே உட்கார்ந்து ரொட்டி தின்பதை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

வேலை செய்யும் அச்சகத்தில் மணி அடித்ததும் அவன் சுருண்டு விழுந்தானே, அன்றைக்கு டாக்டர் வெயில், பசி என்றதை நாங்கள் எல்லோரும் நம்பினோம், நீ ஒருத்திதான் நம்பவில்லை. அப்பாவுக்கும் அவனுக்கும் இ.சி.ஜி. எடுத்து, போட்டோ வேண்டாம், அசல் தாளையே அனுப்பு என்றாய். அனுப்புவதற்கு முன் நான் செய்த காரியத்தைப் போனில் மென்று முழுங்கினேன், இப்போது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு தாளும் கோணல்மாணலாகக் கிழிந்திருந்தன. இருபத்தாறு வருஷம் துணி வெட்டிய கை சும்மா இருக்குமா, தையல் மேசையில் வைத்து நாலு ஓரத்தையும் நேராக வெட்டிவிட்டேன். பெயர் அந்த ஓரத்தில்தான் இருந்தது என்பது குப்பை வண்டி போன பிறகுதான் உறைத்தது. சொன்னால் திட்டுவாய் என்று பயந்து, இது அப்பாவுடையதாக இருக்கும், இது தம்பியுடையதாக இருக்கும் என்று குத்துமதிப்பாகப் பின்னால் எழுதி அனுப்பினேன்.

நீ போன் எடுத்ததும் கேட்ட முதல் கேள்வியே, "அம்மா, ஓரத்தை வெட்டினியா?" என்பதுதான். ஆமாம் என்று முனகினேன். ஆறு வருஷத்துக்கு முன் அப்பாவுக்கு வந்த சின்ன மாரடைப்பின் வடு, நான் தம்பி பெயர் எழுதிய தாளில் இருக்கிறது, ஆகவே மற்றதுதான் தம்பியுடையது, கோளாறும் அதில்தான் என்றாய். பெற்றவள் மாற்றி எழுதியதை, கடல் தாண்டி உட்கார்ந்து, வெறும் கோட்டைப் பார்த்துப் பிள்ளை யார் அப்பா யார் என்று சொன்னாயே. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. நீ கேட்காமல் விட்டிருந்தால் மாத்திரையை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு இவனைப் பழையபடி மணியடிக்கும் இடத்துக்கு அனுப்பியிருப்பேன்.

நீ சொன்ன இதய டாக்டரிடம் போனோம். இதயத்தின் ஒவ்வொரு செல்லிலும் பொட்டாசியம் வெளியே போகக் குட்டிக் குட்டிக் கதவுகள் இருக்கின்றன, இவனுக்கு அது சரியாகத் திறப்பதில்லை, அதனால் அடுத்த துடிப்புக்குத் தயாராகத் தாமதமாகிறது, அந்த நேரத்தில் திடுக்கிட்டால் தாளம் தப்பிவிடும் என்று விளக்கினார். பன்னிரண்டு வருஷமாக ஆராய்ச்சி என்று ஒரு கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், இன்னுமா திறக்கவில்லை என்று உன்னைக் கேலி செய்தோமே, அதே கதவு. அந்த டாக்டர் மேசையில் உன் கட்டுரை இருந்தது. இவங்க உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டார். தம்பி நெஞ்சை நிமிர்த்தி, "எங்க அக்கா சார், சின்ன வயசுல என் பென்சிலை எல்லாம் உடைச்சவ" என்றான். டாக்டர் எழுந்து நின்று எனக்குக் கைகூப்பினார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பையைத் துழாவினேன்.

மாத்திரை தவறாமல் போடுகிறான். சாப்பிடக் கூடாத மருந்துகள் என்று நீ அனுப்பிய பட்டியலை மருந்துக்கடைக்காரரிடமும் ஒன்று கொடுத்தாயிற்று. அப்பா வாசல் மணியைக் கழற்றிவிட்டார். முப்பது வருஷம் பஸ்ஸில் ஹாரன் அடித்தே காலம் தள்ளிய மனுஷன், இப்போது டம்ளரைக்கூடப் பூ வைப்பது மாதிரி வைக்கிறார்.

இந்தக் கோளாறு பெற்றவர்கள் யாரிடமிருந்தாவது வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதும், அப்பாவுக்கு இல்லை என்பது நினைவுக்கு வந்து, மறுநாளே நானும் போய் இ.சி.ஜி. எடுத்துக்கொண்டேன். நீ சொல்லித் தந்தபடி பெரிய முனையிலிருந்து அடுத்த மேடு முடியும் வரை இஞ்ச் டேப் வைத்து அளந்தேன். தம்பியுடையதைப் போலவே, இருக்க வேண்டிய அளவைவிட ஒரு நூல் கூடுதல், இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. ஒரு நூல் கூடினால் ஜாக்கெட்டில் யாருக்கும் தெரியாது. அழவில்லை. டாக்டர் எனக்கும் மாத்திரை எழுதினார். ஆனால் அளந்து முடித்ததும் என் நினைப்பு உன்னிடம்தான் போனது. என் பிள்ளைகள் இரண்டு பேர். உலகத்துக்கே கதவு பார்க்கிறவள், உன்னுடையதைப் பார்த்தாயா? எத்தனை கடிதம் எழுதியிருக்கிறாய், ஒன்றில்கூட அதைச் சொல்லவில்லையே.

நன்றாக இரு கண்ணு, நூறு வயசு இரு. இத்துடன் என் தாளை வைத்திருக்கிறேன். எவ்வளவு கோணலாக இருந்தாலும் கத்தரிக்கோலைத் தொடவில்லை, பெயர் அப்படியே இருக்கிறது. உன்னுடையதையும் எடுத்து, ஓரம் வெட்டாமல் எனக்கு அனுப்பு. இஞ்ச் டேப்பை மேசைமேலேயே வைத்திருக்கிறேன்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
அம்மா