தகட்டை இழுத்தது நீதான், தேவகி

என் கண்ணே தேவகி,

கார்த்திகை மாதத்தில் ஒரு சாயங்காலம், பக்கத்து வீட்டுப் பெண்ணின் வரவேற்புப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சூளைக் கொட்டகையில் புகை அடைத்து நீ செத்துப் போனாய். ஷட்டர் தரையோடு தரையாக இறங்கியிருந்தது. உள்ளே உன்னைத் தவிர யாரும் இல்லை. நானும் உன் அம்மாவும் உன்னோடு வேலை செய்த செல்வியும் சுவருக்கு அந்தப் பக்கம் இலை முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

நடந்தது அவ்வளவுதான். ஊர் அதோடு விடவில்லை. "முப்பது தாண்டின பொண்ணு. பக்கத்து வூட்ல கல்யாணம். மனசு தாங்காம தானே ஷட்டர எறக்கிக்கினா" என்ற பேச்சு புத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் போயிற்று. துக்கம் கேட்க வந்தவர்களே நம் வாசலைத் தாண்டுவதற்குள் அதைப் பேசிக்கொண்டு போனார்கள். உனக்கு எழுதுகிற கடிதத்தை நான் அச்சில் போடுவதற்குக் காரணம் அதுதான். உனக்கு நடந்தது உனக்குத் தெரியும். படிக்க வேண்டியவர்கள் அவர்கள்.

என்னை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவர்களுக்காகச் சொல்கிறேன். நிலம் இல்லாத வீட்டில் பிறந்தவன் நான். சைக்கிள் கேரியரில் ஊறுகாய் ஜாடிகளுக்கு வைக்கோல் சுற்றிக் கட்டிக்கொண்டு நாராயணவனம், நகரி, சத்தியவேடு என்று கூவி விற்றவன். அப்புறம் வெளிநாட்டுச் சரக்குக்குக் கதவு திறந்தது. ஜாடியைப் பிளாஸ்டிக் டப்பா விழுங்கியது, அதை மெலமைன் தட்டு விழுங்கியது, எல்லாவற்றையும் சீனத்துக் கோப்பை விழுங்கியது. எது விழுங்கும், எது விழுங்கப்படும் என்று முன்னாலேயே கண்டுபிடித்து வாங்கிப் போட்டேன். அப்படித்தான் திருப்பதியில் கடை வந்தது, புத்தூரில் வீடு வந்தது, வீட்டுக்குப் பின்னால் கிடங்கும் வந்தது.

உன்னோடு படித்தவர்கள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். நீ வடக்கே போய் மண்பாண்ட வேலை படித்துவிட்டுத் திரும்பி வந்தாய்.

"நைனா, கிடங்கு சும்மாத்தான கீது?"

"சும்மா எங்க கீது? எலி வாடக குடுக்குது."

"எலிய நான் காலி பண்ணிக்கிறேன். எனக்கு குடு."

கொடுத்தேன். அங்கே நீ சூளை கட்டினாய். நீ செய்த வேலை எனக்குப் புரிய நாளாயிற்று. பீங்கான் மாதிரி பளபளப்புப் பூச்சோடு ஒரு தடவை சுட்ட கிண்ணத்தின் மேல், வெள்ளி உப்பையும் செம்பு உப்பையும் செம்மண்ணில் குழைத்து இலையும் கொடியும் வரைவாய். அதை மறுபடியும் சூளையில் வைப்பாய். சூளை உள்ளே மங்கலாகச் சிவந்ததும் மாமரச் சுள்ளியை அடுப்பில் திணித்துவிட்டு, புகைபோக்கியின் குறுக்கே இரும்புத் தகட்டைத் தள்ளுவாய். நெருப்புக்கு மூச்சு முட்டும். அந்தத் திணறலில்தான் வரைந்த உப்பு உலோகமாக மாறி மினுக்கும் என்றாய்.

"காத்து இல்லன்னா நெறம் வரும். சூடு எறங்கறதுக்குள்ள காத்து பூந்துட்டா நெறம் பூடும். அவ்ளோதான் நைனா என் தொழிலு" என்றாய். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆறிய பிறகு கிண்ணம் கருகிய மண் அப்பிக்கொண்டு வெளியே வரும். அதைச் சாம்பல் போட்டுத் தேய்க்கத் தேய்க்க அடியிலிருந்து கொடி எழும்பும். இப்படிப் பார்த்தால் தங்கம், திருப்பினால் மயில் கழுத்து, வெயிலில் காட்டினால் மழைத்தண்ணீரில் பெட்ரோல் படர்ந்த மாதிரி ஏழெட்டு நிறம் ஓடும். ஒரே மாதிரி இரண்டு கிண்ணம் கேட்டால் உன்னால் தர முடியாது. அதை ஒரு குறை என்று நினைத்தவன் நான். டஜன் கணக்கில் விற்றே பழகியவனுக்கு வேறெப்படித் தோன்றும்?

கடையில் உனக்கு ஒரு அலமாரி ஒதுக்கினேன். மலையிலிருந்து நடந்தே அடிவாரத்து அலிபிரிக்கு இறங்கி, மொட்டைத் தலையோடு வந்த ஒருவர் உன் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல சாம்பார் ஊத்தலாமாம்மா?" என்றார்.

"வாணாங்க. சாம்பாரு கூச்சப்படும்" என்றாய்.

அவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். இந்தப் பெண்ணுக்கு வியாபாரம் வராது என்று நினைத்திருந்த நான் கல்லாவில் உட்கார்ந்தபடி அந்த நினைப்பை வாபஸ் வாங்கினேன்.

அந்த நாளுக்கு வருகிறேன். விறகு ஈரம். மத்தியானமே முடிய வேண்டிய சூளை இழுத்துக்கொண்டே போனது. பக்கத்து வீட்டு வெங்கடேசுலுவின் மகளுக்கு வரவேற்பு. பந்தல் நம் சுவரை ஒட்டி வந்திருந்தது. நகரித் தறிக்காரர் வீட்டிலிருந்து உன்னிடம் வேலைக்கு வந்து, உனக்குச் சமமாகச் சக்கரம் சுற்றக் கற்றுக்கொண்ட செல்வி, "நான் இருக்கேன்க்கா, நீ போ" என்றாள். நீ கேட்கவில்லை.

"நீ போடி. இந்த வூட்லருந்து கெழவனும் கெழவியும் மட்டும் வந்தாங்கன்னு பேசுவாங்க. நான் தகட்ட போட்டுட்டு, பொடவ கட்டிக்கினு வந்துடறேன்."

"பொகை பந்தல்ல போவும்டி" என்றாள் உன் அம்மா.

"பாதி ஷட்டர எறக்கிடறேம்மா. பொண்ணும் மாப்ளயும் இருமிக்கினே போட்டோ புடிச்சா நல்லாவா இருக்கும்?"

பாதி என்றவள் முழுதும் ஏன் இறக்கினாய்? காற்று திரும்பியதா? போதவில்லை, போதவில்லை என்று கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாயா? அன்றைக்குப் பந்தியில் ஒருவர்கூட இருமவில்லை தேவகி. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"பாப்ப ராலேதா அன்னா?" என்று தெலுங்கில் கேட்டு வெங்கடேசுலுதான் முதலில் உன்னைத் தேடினார். செல்வி எழுந்து போனாள். மேளத்தையும் மீறி அவள் கத்தியது கேட்டது. ஷட்டரைத் தூக்கி உன்னை வெளியே கொண்டுவந்தவர் வெங்கடேசுலு. சம்பந்தி முன்னால் கட்டியிருந்த பட்டு வேட்டி முழுக்கக் கரி. வாசலில் வேறு வண்டி இல்லை. பூ ஒட்டிய கல்யாணக் காரில்தான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சிக்னலில் ஒரு ஆள் எட்டிப் பார்த்துச் சிரித்தான், உள்ளே மணப்பெண் என்று நினைத்து.

புகை கண்ணைக் கரிக்கும், ஆனால் அதில் கலந்திருக்கிற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது என்று டாக்டர் சொன்னார். முதலில் தலை கிறுகிறுக்குமாம். அப்புறம் கால் துவண்டுவிடுமாம். போலீஸ் விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. ஊர் எழுதியது வேறு.

ஊர் பேசியதை நான் தாங்கியிருப்பேன். கடைத்தெருவில் நான் வாங்காத பேச்சா? ஆனால் உன் அம்மா அதை நம்பத் தொடங்கினாள். கருமாதிவரைக்கும் அவள் அழவே இல்லை. "என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? மாப்ள பாக்கலன்னு கோவமா? இல்ல நான் பாத்த மாப்ளங்க மேல கோவமா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்படி இருக்காது என்று சொன்னேன். அப்படி இல்லை என்று சொல்ல என் கையில் என்ன இருந்தது? தகடு மூடியிருந்ததா, திறந்திருந்ததா? உன்னைத் தூக்க நுழைந்த கூட்டத்தில் யாரும் பார்க்கவில்லை. யாராவது இடித்தும் இருக்கலாம், இழுத்தும் இருக்கலாம்.

கருமாதி முடிந்ததும் அவள் ஒன்றுதான் கேட்டாள். "அந்தச் சூளைய ஒடச்சி தரமட்டம் பண்ணு. இல்லன்னா நான் இந்த வூட்ல ஒரு வாய் சோறு துன்ன மாட்டேன்."

கடப்பாரையோடு ஆள் வந்தான். கொட்டகை வாசலில் செல்வி குறுக்கே நின்றாள். "ஒடைங்க மாமா, நான் வாணான்னு சொல்லல. உள்ள அக்கா வெச்ச சரக்கு கீது. அத்த எடுத்துட்டு ஒடைங்க."

அது நியாயம். சரக்கு இருக்கிற கிடங்கை நான் இடித்ததில்லை. செங்கல்லை ஒவ்வொன்றாகப் பிரித்து இருவரும் கிண்ணங்களை வெளியே எடுத்தோம். செல்வி ஒன்றை மடியில் வைத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கொடி தெரிந்தது, மினுக்கு இல்லை. பழைய பாசி காய்ந்த மாதிரி ஒரு நிறம். இன்னொன்று, அதுவும் அப்படியே. எல்லாம் அப்படியே. ஒரு கிண்ணம்கூடத் தேறவில்லை. உயிரை வாங்கிய சூளை ஒரு கிண்ணத்தைக்கூடத் திருப்பித் தரவில்லை.

செல்வி தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். "மாமா, அக்கா தகட்ட இழுத்துருக்குது."

"இன்னா சொல்ற?"

"தகடு போட்டபடியே கெடந்துருந்தா இது ஒண்ணு தங்கமா மினுக்கணும், இல்ல பொகை குடிச்சி உள்ள வரைக்கும் கன்னங்கரேல்னு இருக்கணும். இது ரெண்டும் இல்ல. சூளை செவந்து கெடக்கும்போதே காத்து பூந்துருக்குது. அதான் நெறம் செத்துடுச்சி."

"நாம ஷட்டர தூக்கும்போது பூந்துருக்கும்."

"நாம வரும்போது அடுப்புல சாம்பல்தான் இருந்துச்சு மாமா. சூளை செவப்பு எறங்கி எவ்ளோ நேரமோ ஆயிடுச்சி. அதுக்கப்புறம் காத்து பூந்தா நெறத்துக்கு ஒண்ணும் ஆவாது."

சரக்கைச் சரக்கோடு வைத்துப் பார்க்காமல் நான் எதையும் ஒப்புக்கொள்கிறவன் இல்லை. முன்பு ஒரு தடவை அவசரத்தில் தகட்டைச் சீக்கிரம் இழுத்து ஒரு சூளைச் சரக்கையே கெடுத்தாயே, அதில் ஒரு கிண்ணத்தைக் கல்லாவில் சில்லறை போட வைத்திருந்தேன். கடப்பாரைக்காரனை அனுப்பிவிட்டுத் திருப்பதிக்குப் போய் அதைக் கொண்டுவந்தேன். இரண்டையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதே பாசி. அதே சாவு. என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை, செல்வியின் கண்ணுக்கும் தெரியவில்லை.

தலை சுற்றியபோது உனக்குப் புரிந்திருக்கிறது. இவ்வளவு நாள் உழைத்த சரக்கு மொத்தமும் கெட்டாலும் பரவாயில்லை, புகை மேலே போகட்டும் என்று தகட்டை இழுத்திருக்கிறாய். இழுத்த கை ஷட்டர்வரைக்கும் ஏன் வரவில்லை? தகடு கைக்கெட்டும் தூரம், ஷட்டருக்கு நடக்க வேண்டும். கால் அதற்குள் துவண்டுவிட்டதா? கூப்பிட்டாயா? மேளத்தில் எங்களுக்குக் கேட்கவில்லையா?

கொட்டகைக்குள் கால் வைக்க மாட்டேன் என்றிருந்த உன் அம்மா வந்து எங்கள் பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை. செல்வி எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அம்மா கிண்ணத்தைக் கையில் வாங்கி விரலால் தடவினாள்.

"சாவணும்னு இருந்தவ சரக்க ஏண்டி கெடுத்துக்கினா?" என்றாள். அப்புறம்தான் அழுதாள். பொழுது சாயும்வரைக்கும் அழுதாள். நான் தடுக்கவில்லை.

புத்தூர் டீக்கடையில் உட்கார்ந்து பேசியவர்களே, என் வாசலில் பேசிக்கொண்டு போனவர்களே, அந்தக் கிண்ணங்கள் என் வீட்டில்தான் இருக்கின்றன. வந்து பாருங்கள். என் மகள் பிழைக்கப் பார்த்தாள். முடியவில்லை.

இங்கே மற்ற விஷயங்களையும் சொல்கிறேன். நாராயணவனம் ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். நம் வேப்பமரம் போய்விட்டது. வெங்கடேசுலுவின் மகள் புருஷனோடு அமெரிக்காவுக்குப் போய்விட்டாள். நீ அவளுக்குக் கொடுத்த கிண்ணத்தைப் பெட்டியில் வைக்க வேண்டாம், சகுனம் சரியில்லை என்று மாமியார் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் அதைப் புடவைக்கு நடுவில் சுருட்டிக்கொண்டு போனாள். சென்னையிலிருந்து ஒருவர் போன் செய்து, கெட்டுப்போன அந்தச் சரக்கையே கடைசிச் சூளை என்று சொல்லி நல்ல விலைக்கு விற்றுத் தருவதாகச் சொன்னார். விற்க முடியும், எனக்குத் தெரியும். விற்கவில்லை.

கடப்பாரைக்காரன் மறுபடி வந்தான். சூளையைத் தொடவில்லை. ஷட்டரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டான், மூன்று பக்கச் சுவரையும் இடித்தான். இப்போது தூணும் கூரையும்தான் நிற்கின்றன. அதன் பிறகு நானும் உன் அம்மாவும் செல்வியும் உட்கார்ந்து பேசினோம். பேரம் கொஞ்சம் இழுத்தது, செல்வியும் உன்னிடம் பழகியவள்தானே.

பேசி முடித்தது இது. உனக்கும் இதுவே என் வாக்கு. சூளை செல்விக்கு. வாடகை கிடையாது. சரக்கை அவள் பெயரில்தான் விற்பேன், உன் பெயரைப் போட்டு விற்க மாட்டேன்; இது அவள் கேட்டது. தனியாக இருக்கும்போது தகடு போடக் கூடாது, பக்கத்தில் உன் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். இது அம்மா கேட்டது. தலை லேசாகக் கனத்தாலும் தகட்டை இழுத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும், கெட்ட சரக்கு என் கணக்கில். புகை அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும், சாவுக்குப் போனாலும், போகட்டும். வெங்கடேசுலுவிடம் சொல்லிவிட்டேன், "ரானி அன்னா, வந்தா வரட்டும்" என்றார். மற்றவர்கள் வந்து திட்டினால் திட்டு வாங்குவது என் பொறுப்பு. மூன்று பேரும் சம்மதம்.

உன் நைனா,
முனிரத்தினம்