கழுத்துக்கு ஒரு ஸ்கார்ஃப்

ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்து மழை. ஆஸ்பத்திரியில் கழுத்துக் கட்டைப் பிரித்தார்கள். தைராய்டு கட்டியை எடுத்த இடம், குறுக்கே நாலு விரல் நீளம், சிவப்பு. ஞாயிறு மாலை வரை வாயைத் திறக்கக் கூடாதாம். பிறகு மெல்லப் பேசிப் பார்க்கலாம், சத்தம் முதலில் வேறு மாதிரி இருக்கலாம், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். எவ்வளவு நாளைக்கு என்று எழுதிக் காட்டினேன். சிரித்தார்.

திங்கள் வேலைக்குப் போயே ஆக வேண்டும். தம்பானூர் லாட்ஜில் ரிசப்ஷன், நாள் முழுக்க ஃபோன். மானேஜர் என் வீட்டுக்காரரை ஃபோனில் கூப்பிட்டு மலையாளத்தில் சொன்னது: "சேச்சி பதுக்கெ வந்தா மதி. ஆனா ஃபோன் எடுக்க ஆள் வேணும், கேட்டோ." மெதுவாக வரச் சொல்கிறாரா, வேறு ஆள் பார்ப்பேன் என்கிறாரா. இரண்டும்தான்.

யூனிஃபார்ம் கழுத்து அகலம், வெட்டு அப்படியே தெரியும். ஒரு ஸ்கார்ஃப் தைத்துக்கொள்ளலாம். இவரிடம் கொடுத்த சீட்டு: பால் 1, பூண்டு, கறுப்புத் துணி (காட்டன்) 1 மீ.

ஜூன் 13, வெள்ளி

பால் வந்தது. பூண்டு இல்லை. துணி வந்தது. நைலான், மஞ்சள் பூ போட்டது. "கறுப்பு எதுக்கு பிள்ளே, துக்க வீடு மாதிரி? இதும் காட்டன் மாதிரிதான் இருக்கு." பதினாலு வருஷத்தில் இந்த மனுஷன் என்னிடம் ஜெயித்த முதல் வாக்குவாதம்.

நான் பேசாததால் எனக்குக் காதும் கேட்காது என்று முடிவு செய்துவிட்டார். பக்கத்தில் நின்றுகொண்டு கத்துகிறார். மகள் அஞ்சு அதற்கு மேல், சோறு வேணுமா என்று கையை ஆட்டிக் கேட்கிறாள்.

இன்று தைக்கவில்லை. படுத்தே கிடந்தேன்.

ஜூன் 14, சனி

தையல் மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். வேலை என்னவோ சின்னதுதான். இரண்டு சாண் அகலம், நல்ல பக்கம் உள்ளே போக நீளவாக்கில் மடிப்பு, ஓரத்தில் தையல், புரட்டினால் முடிந்தது. நைலான் ஊசிக்கு அடியில் வழுக்கிக்கொண்டே போகிறது. நடுவில் இரண்டு தடவை போய்ப் படுத்தேன்.

முடித்த பிறகுதான் தெரிந்தது. புரட்ட இடம் விடாமல் மூன்று பக்கமும் தைத்து மூடியிருக்கிறேன். அஞ்சு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்மா, இதை எப்படி மறிக்கும்? புரட்ட வழியே இல்லல்லோ." பிளேடு போட்டு நாலு விரல் இடம் பிரித்துக் கொடுத்தாள். அப்புறம் இஸ்திரி. காட்டன் சூடு வைத்தேன், காட்டன் மாதிரி துணி ஒரு முனையில் சுருண்டுவிட்டது. அந்த முனையை முடிச்சுக்குள் ஒளித்துக்கொள்ளலாம்.

அலுப்பு. கழுத்து இழுக்கிறது. உள்ளதைச் சொன்னால் வெட்டைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். சத்தம் வராமல் போனால்? ஃபோனில் கழுத்தா தெரியும்? அதை நினைக்காமல் இருக்கத்தான் இந்தத் தையல்.

ஜூன் 15, ஞாயிறு

பிரித்த இடத்தைக் கையால் தைத்தேன். ஸ்கார்ஃப் ரெடி. துணி துவைத்தேன், காயவில்லை. யூனிஃபார்ம் ஃபேன் அடியில்.

மாலை ஆனதும் அஞ்சு வந்து உட்கார்ந்தாள். "முதல்ல என் பேரைச் சொல்லணும். ப்ராமிஸ்." நாளைக்கு என்று எழுதிக் காட்டினேன். முகம் வாடிவிட்டது. குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றேன், வெளியே கேட்காமல் பேசிப் பார்க்கலாம் என்று. வாய் திறக்கவில்லை. வாளி நிரம்பியதுதான் மிச்சம்.

இவர் இன்று கத்தாமல் சொன்னார்: "வேலை போனா போட்டும் பிள்ளே. ஒனக்கும் சேத்து நான் பேசிக்கிடுதேன்." அதுதான் பயம் என்று எழுத நினைத்தேன். பாவம், எழுதவில்லை.

ஜூன் 16, திங்கள்

தூறல். பஸ் லேட். கண்டக்டரிடம் சில்லறையை நீட்டினேன், ஒன்றும் கேட்காமல் டிக்கெட் கிழித்தார். மானேஜர் ஸ்கார்ஃபைப் பார்த்து "கொள்ளாம்" என்றார், நன்றாக இருக்கிறதாம். சிரித்து வைத்தேன்.

9.10, முதல் ஃபோன். மானேஜர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எடுத்தேன். குட் மார்னிங். தரையில் மேஜையை இழுத்த மாதிரி ஒரு சத்தம் என் வாயிலிருந்து. அந்தப் பக்கத்திலிருந்து: "சாரே, டபுள் ரூம் உண்டோ?"

உண்டு என்றேன். சாருக்கு நன்றி சொல்லி புக் பண்ணினான். மானேஜர் மறுபடி எழுத ஆரம்பித்தார். வேலை தப்பியது.

மத்தியானத்துக்குள் ஐந்து பேருக்கு நான் சார். கழுத்தைப் பற்றி ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. வேர்த்தது, ஸ்கார்ஃபைக் கழற்றிப் பையில் போட்டேன். அஞ்சுவுக்கு என்று வைத்திருந்த முதல் சொல் எவனோ டபுள் ரூம்காரனுக்குப் போய்விட்டது.

மாலை 6.30 வீடு. பூண்டு வாங்கினேன். கதவு உள்ளே தாழ். அஞ்சு, என்று கூப்பிட்டேன். இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக.

கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். திறக்கவில்லை.

"ஆரு? அப்பா இல்ல. அம்மா வந்த பிறகு வாங்க."