இடது ஓரத்துப் பட்டன்கள்

ஜூன் 3, செவ்வாய்

மறுபடியும் மாற்றி வைத்திருக்கிறான்.

மதியம் ஒரு மணிக்குக் கடைக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், திரைக்கு மேலே இருக்க வேண்டிய டூல்பார் முழுக்க இடது ஓரத்தில் செங்குத்தாக நிற்கிறது. பட்டன் ஒவ்வொன்றும் பணியாரம் அளவுக்கு. பத்திரம் டைப் செய்கிற சாஃப்ட்வேர் மாதிரியே இல்லை, பால்வாடிச் சுவர் மாதிரி இருக்கிறது.

இந்த வீரணன் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். காலை எட்டிலிருந்து பன்னிரண்டரை வரை அவன். ஒன்றிலிருந்து ஏழு வரை நான். ஒரே கம்ப்யூட்டர், ஒரே நாற்காலி. அவன் சோழவந்தானுக்கு ரயில் பிடிக்க ஓடிய பிறகுதான் நான் வருவேன். சேர்ந்த அன்று ஒரு தடவை பார்த்ததோடு சரி. ஐம்பது வயசுக்கு மேலே இருக்கும். முகம்கூட நினைவில்லாத ஓர் ஆளை இம்புட்டு வெறுக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

ஒன்பது வருஷமாக நான் அடுக்கி வைத்த டூல்பார் அது. மேலே ஒரே வரிசை. சேமிக்க, பிரிண்ட் எடுக்க, பக்கம் பிரிக்க, அட்டவணை போட. கடைசியில் நானே செய்த ஒரு பட்டன், 'கிரயம்' என்று பெயர். அதை அழுத்தினால் கிரயப் பத்திரத்தின் வெற்று மாதிரி திறக்கும். பெயர், எல்லை, அளவு நிரப்பினால் போதும். செல்லூரில் வேறு எந்தக் கடையிலாவது இப்படி ஒன்று இருக்கிறதா? இருக்காது.

எல்லாவற்றையும் திரும்ப மேலே ஏற்ற இருபது நிமிஷம். ஜெராக்ஸ் மெஷின் பக்கமிருந்து முதலாளி சிராஜ் அண்ணனின் குரல்: "என்ன ஜெயினம்பு, இன்னும் ஆரம்பிக்கலயா?" இன்னொரு கம்ப்யூட்டர் வாங்க மனசில்லாத மனுஷனுக்குக் கேள்வி மட்டும் குறைவில்லாமல் வருகிறது.

ஜூன் 4, புதன்

மானிட்டரில் சீட்டு ஒட்டிவிட்டு வந்தேன். 'டூல்பாரைத் தொடாதீர்கள்.'

ஜூன் 5, வியாழன்

சீட்டுக்குக் கீழே பதில்: 'தொட்டால்தான் எனக்கு வேலை ஓடும் அக்கா.'

அக்காவாம்! என்னைவிடப் பத்து வயசாவது மூத்தவன். கையெழுத்து வேறு தாளின் பாதியிலேயே மடங்கி மடங்கிக் கீழே இறங்குகிறது. ஒரு தாளை முழுசாக எழுதத் தெரியாதவன் ஊரார் நிலத்துக்குப் பத்திரம் அடிக்கிறான்.

அவனுடைய பணியாரங்களை மொத்தமாக நீக்கினேன். இடது ஓரத்துக்கு இழுக்க முடியாதபடி டூல்பாரைப் பூட்டியும் வைத்துவிட்டேன். தேடட்டும்.

ஜூன் 7, சனி

பெருநாள். கடை இல்லை. சாப்பிடும்போதும் வீரணனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன் போல. தங்கச்சி ஷாஹீதா கேட்கிறாள், "நல்ல நாளும் அதுவுமா, திட்ட வேற ஆளே கெடைக்கலயா லாத்தா?"

கிடைக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

அழித்துவிட்டான்.

டூல்பார் மொத்தத்தையும், சாஃப்ட்வேர் புதிதாகப் போட்ட அன்று இருந்த நிலைக்குக் கொண்டுபோய்விட்டு, அதன்மேல் தன் பணியாரங்களை அடுக்கியிருக்கிறான். என் வரிசை இல்லை. 'கிரயம்' இல்லை. ஒன்பது வருஷம்யா! ஒரே ஒரு அமுக்கு அமுக்கி ஒன்பது வருஷத்தத் தொடச்சிட்டுப் போயிட்டான். என்ன மனுஷன் இவன்? அந்த ஆத்திரத்தில் ஒரு வாடகை ஒப்பந்தத்தை மூன்று தடவை அடித்தேன்.

பட்டன்தான் போனது. வெற்று மாதிரி உள்ளே ஒரு ஃபோல்டரில் அப்படியேதான் இருக்கிறது. எங்கே இருக்கிறதென்று எனக்கு மட்டும் தெரியும். அவனிடம் சொல்ல மாட்டேன். கேட்டாலும் சொல்ல மாட்டேன். இனி கிரயப் பத்திரத்தை எப்படி அடிக்கிறான் என்று பார்க்கலாம்.

ஜூன் 12, வியாழன்

எப்படி அடித்தான் என்று பார்த்துவிட்டேன்.

எழுமலையிலிருந்து அழகம்மாள் என்று ஒரு பெண். பத்திர ஆபீஸிலிருந்து நேராகக் கடைக்கு வந்து, படியேறும்போதே கத்த ஆரம்பித்தாள். கீழே ஓடுகிற பவர்லூம் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"கெழக்க எங்களுக்கு நாப்பத்தெட்டு அடி. இதுல அறுவத்திரெண்டுன்னு கெடக்கு. எவன் நெலத்து அளவுய்யா இது? பதிய மாட்டேன்னுட்டாங்க. எந்தம்பி கையெழுத்துப் போடுறதுக்குன்னு கேரளாவுல இருந்து வந்தான். இன்னைக்குத் திரும்புறான். இனிமே எப்ப லீவு கெடச்சு எப்ப வருவான்?"

பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். நேற்றுக் காலையில் வீரணன் அடித்தது. வேறு யாருடையதோ பழைய பத்திரத்தைத் திறந்து அதன்மேலேயே அடித்திருக்கிறான். எல்லை அட்டவணையில் திசை சரி. பக்கத்து நிலத்துக்காரர் பெயர்களும் சரி. வலது கோடியில் இருக்கிற அளவுக் கட்டங்களில் மட்டும் நான்கிலும் பழைய ஆளின் அளவு.

ஐந்து நிமிஷத்தில் திருத்திக் கொடுத்தேன். அந்தத் தாளை அவள் வாங்கிய விதத்தைப் பார்க்க வேண்டும். எச்சிலைத் துடைக்கிற துணியை வாங்குகிற மாதிரி.

அவள் போனதும் சிராஜ் அண்ணன் கேட்டார், "யாரு அடிச்சது?"

இந்தக் கேள்விக்குத்தான் மூன்று மாதமாகக் காத்திருந்தேன். "டூல்பார நகட்டி வெளாடுற நேரத்துல, அடிச்சத ஒருக்கா படிச்சுப் பாத்திருந்தா இது வந்திருக்காதுண்ணே" என்றேன்.

"மாசக் கடைசியோட நிப்பாட்டிருவோம். இப்ப எதும் சொல்லாத."

இன்று நன்றாகத் தூக்கம் வரும்.

ஜூன் 13, வெள்ளி

டூல்பாரை மேலே ஏற்றினேன். இன்னும் பதினேழு நாள்.

ஜூன் 16, திங்கள்

வீட்டுப் பக்கம் கரண்ட் இல்லை. புழுக்கம் தாங்காமல் பதினோரு மணிக்கே கடைக்குப் போனேன். சிராஜ் அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். வீரணன் மட்டும் டைப் அடித்துக்கொண்டிருந்தான்.

வாசல் அவன் நாற்காலிக்கு வலப்பக்கம். உள்ளே போய் மேஜையை ஒட்டியே நின்றேன். திரும்பவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். திமிரைப் பார் என்று நினைத்தேன். ஒரு கிழவர் வந்து என் பக்கத்தில் நின்று ஆதார் அட்டையை நீட்டினார். நீட்டிய கை அந்தரத்திலேயே இருந்தது. "ஏப்பா" என்று அவர் குரல் கொடுத்த பிறகுதான் நாற்காலியோடு உடம்பு மொத்தத்தையும் திருப்பினான். மேஜையின் வலது மூலையில் இருந்த டீ கிளாஸை அவன் கை தடவித் தடவித்தான் கண்டுபிடித்தது. தாள், பேனா, ஸ்டேப்ளர் எல்லாம் இடது பக்கம்.

நான் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போனேன். போன உடனே பார்த்தான்.

"வாங்கம்மா. ஜெயினம்புதான நீங்க?"

கிழவர் போகும்வரை காத்திருந்து கேட்டேன். "வலப்பக்கம் தெரியாதாண்ணே?"

வாசலை நோக்கித் தலையைத் திருப்பி, சிராஜ் அண்ணன் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார். "போன வருசம் தை மாசம் பக்கவாதம் வந்துச்சு. கையி, காலு சரியாயிருச்சு. கண்ணுதான். ரெண்டு கண்ணுலயும் வலது பாதி வரல. தலையத் திருப்பிப் பாத்தாத் தெரியும். அதான் பட்டன எல்லாம் இங்கிட்டு வச்சுக்கிர்றது." மறுபடி வாசலைப் பார்த்தார். "அவருட்டச் சொல்லிராதீங்க. ரெண்டு கடையில உண்மையச் சொல்லித்தான் வேல கேட்டேன். போயிட்டு வாங்கன்ட்டாங்க."

உங்க வேலைக்கு ஏற்கெனவே உலை வச்சுட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி வெளியே வந்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று டூல்பாரை நகர்த்தாமல் இடது ஓரத்திலேயே வைத்து வேலை பார்த்தேன். கழுத்து வலிக்கிறது. என்ன பெரிய தியாகம்!

ஒன்றை எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்வது? ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பேருக்கு இரண்டு யூசர் வைக்கலாம். அவரவர் டூல்பார் அவரவருக்கு. பத்து நிமிஷ வேலை. இது நான் இன்றைக்குக் கண்டுபிடித்ததில்லை. அவர் சேர்ந்த முதல் வாரமே எனக்குத் தெரியும். பிறகு ஏன் செய்யவில்லை?

செய்திருந்தால் திட்டுவதற்கு என்ன மிச்சம் இருந்திருக்கும்?

சிராஜ் அண்ணனைக் கஞ்சன் என்பேன். வீரணனை மடையன் என்பேன். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு பெயர் வைப்பேன். என்னைப் போல ஒருத்தி எதிரே வந்து உட்கார்ந்தால் என்ன பெயர் வைத்திருப்பேன்?

அழகம்மாளின் தம்பி கேரளாவுக்குத் திரும்பியிருப்பான்.

ஜூன் 18, புதன்

பத்து மணிக்கே போனேன். இரண்டு யூசர் போட்டேன். அவருடையதில் எல்லாப் பட்டனையும் இடது ஓரத்தில் பெரிசாக வைத்து, 'கிரயம்' பட்டனையும் புதிதாகச் செய்து முதலில் வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னேன்.

"முதலாளிட்ட உங்களப் பத்திச் சொன்னது நாந்தாண்ணே. மாசக் கடைசியோட நிப்பாட்டப் போறாரு."

'கிரயம்' பட்டனை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார்.

"உங்க பட்டன நான் தெரியாம அழிச்சேன்னு நெனைக்காதீங்க" என்றார். "வேணும்னுதான் அழிச்சேன்."

கேட்கக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அந்த ஆள் ஒன்றும் பாவப்பட்ட பிறவி இல்லை.

"உங்க கண்ணுக்கு இரக்கப்பட்டு இதெல்லாம் செய்யல" என்றேன். "ரெண்டு பேரும் சேந்துதான் அந்தம்மா காரியத்தக் கெடுத்திருக்கோம். இனிமே நான் படிக்காம உங்க பத்திரம் ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது. தெனமும் பதினொண்ணரைக்கே வந்திர்றேன்."

"நீங்க அடிக்கிறத யாரு படிக்கிறது?"

என்ன வாய்! "நீங்களே படிங்க" என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

சிராஜ் அண்ணனிடம் பேசினேன். "அந்தத் தப்புல பாதி என்னுது. வெத்து மாதிரி இருக்க எடத்த அவருக்கு நான் காட்டல. அதான் பழசு மேல அடிச்சிருக்காரு."

"அன்னைக்கு வேற மாதிரில்ல சொன்ன?"

"அன்னைக்கு என் பாதியச் சொல்லாம விட்டுட்டேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னொரு தப்பு வந்துச்சு, ரெண்டு பேரும் கெளம்பிர வேண்டியதுதான்."

சரி என்றேன். இரண்டு பேரும் கிளம்பிவிட்டால் 'வில்லங்கம்' என்ற சொல்லை ஒழுங்காக அடிக்க இவருக்கு ஆள் ஏது? ஜெராக்ஸ் மெஷினா அடிக்கும்? அது அவருக்கும் தெரியும்.

கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. இது சரியா? நான் வரிவரியாகப் படிக்கிறவரை சரி. ஒரு நாள் சோம்பல்பட்டு விட்டாலும் சரியில்லை.

ஜூலை 3, வியாழன்

அழகம்மாளின் தம்பி லீவு போட்டுவிட்டு மறுபடி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டானாம். ஃபோனில் சொன்னாள். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

ஜூலை 8, செவ்வாய்

காலையில் மூன்று பத்திரம். வீரணன் அண்ணன் அடித்ததில் ஒரு கட்டம் விட்டுப்போயிருந்தது, பிடித்தேன். நேற்று நான் அடித்ததில் ஊர்ப் பெயரே தப்பு, அவர் பிடித்தார். பிடித்துவிட்டுத் தேவைக்கு மேல் சிரித்தார். அற்ப சந்தோஷம்.

நான் அவருக்கு இடப்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஜெராக்ஸ் மெஷினுக்குப் போகிற வழி அது. தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்த சிராஜ் அண்ணன் முட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன் ஜெயினம்பு, வலப்பக்கம் அம்புட்டு எடம் கெடக்கு. ஃபேனும் அங்கிட்டுத்தான் இருக்கு. வழியில வந்து உக்காந்திருக்க?"

"அந்தக் காத்து எனக்கு ஆகாதுண்ணே. தலை வலிக்குது."

முணுமுணுத்துக்கொண்டே சுற்றிப் போனார். என் பிடரியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. வீரணன் அண்ணன் தாளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மேக்க எம்புட்டு?"

"முப்பத்தாறு" என்றேன்.